எரிபொருள் அழுத்தத் துடிப்பும் அதை அடக்கிய வரலாறும்

எரிபொருள் அழுத்தத் துடிப்பு என்பது டீசல், பெட்ரோல் எஞ்சின்களின் எரிபொருள் குழாய்களுக்குள் எழும் அழுத்த ஏற்ற இறக்கம் ஆகும். பம்பு எரிபொருளை விட்டுவிட்டுத் தள்ளுவதாலும், நாசில் சட்டென்று திறந்து மூடுவதாலும் இது உண்டாகிறது. அடக்காமல் விட்டால் டீசல் வீணாகும், கரும்புகை வரும், நாசில் முனையில் கரி படியும், குழாயே வெடித்துப் போவதும் உண்டு. இந்தத் துடிப்பை அடக்க நூறாண்டுகளுக்கு மேலாக நடந்த முயற்சிகளை, செஞ்சி வட்டாரத்து வயல்களிலும் சாலைகளிலும் ஓடிய எஞ்சின்களை முன்வைத்து இக்கட்டுரை விவரிக்கிறது.

செஞ்சியும் ஆயில் எஞ்சினும்

செஞ்சி இன்று விழுப்புரம் மாவட்டத்தில் உள்ளது. 1993 செப்டம்பர் 30 வரை பழைய தென்னாற்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. பாறைக் குன்றுகள் சூழ்ந்த மண். மணிலா என்று இங்கே அழைக்கப்படும் நிலக்கடலையும் நெல்லும் முக்கியப் பயிர்கள். ஏரிப் பாசனம் போக மீதமெல்லாம் திறந்தவெளிக் கிணறுகளை நம்பியது. மாடு கட்டிக் கவலை இறைத்த காலம் போய், மின்சாரக் கம்பி வந்த இடத்தில் மோட்டாரும், வராத இடத்தில் 5 குதிரைத்திறன் ஆயில் எஞ்சினும் வந்தன. 1946 இல் புனேயில் தொடங்கிய கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின்ஸ் நிறுவனத்தின் ஒற்றை சிலிண்டர் எஞ்சினை அறியாத விவசாயி இந்தப் பக்கத்தில் இருந்திருக்க முடியாது. நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடும் அந்த எஞ்சினின் 'டப் டப்' சத்தத்தை வைத்தே யார் கிணற்றில் தண்ணீர் ஓடுகிறது என்று சொல்லிவிடுவார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். செஞ்சிக் கோட்டையின் கல்யாண மகாலுக்கு வெளியே இருந்த குளத்திலிருந்து சுடுமண் குழாய் வழியே தண்ணீர் கொண்டுவரப்பட்டது. மட்ட வேறுபாட்டால் தானாகப் பாயும் தண்ணீர் அது. அதில் துடிப்பு இல்லை. குழாய்க்குள் துடிப்பு என்பது தள்ளி நிறுத்தி, தள்ளி நிறுத்தி வேலை செய்யும் பம்பு வந்த பிறகு வந்த சங்கடம்.

தண்ணீர்க் குழாயில் தொடங்கிய கதை

மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாயைச் சட்டென்று மூடினால் சுவருக்குள் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்கும். ஓடிவந்த தண்ணீர் நிற்க இடமில்லாமல் முட்டும் சத்தம் அது. இதை நீர்ச் சம்மட்டி அடி என்று சொல்லலாம். மாஸ்கோ நகரத்துக் குடிநீர்க் குழாய்கள் இப்படி உடைந்துகொண்டிருந்தபோது, ரஷ்ய அறிஞர் நிக்கோலாய் ஜுக்கோவ்ஸ்கி 1897-98 இல் நீண்ட குழாய்களில் சோதனை செய்து காரணத்தை விளக்கினார். ஓட்டம் நிற்கும்போது எழும் அழுத்தம் ஓர் அலையாகக் குழாய்க்குள் ஒலியின் வேகத்தில் ஓடுகிறது. முனையில் மோதித் திரும்புகிறது. அந்த அழுத்தம் எவ்வளவு என்பதற்கு அவர் தந்த கணக்கு எளிது: திரவத்தின் அடர்த்தி, அதில் ஒலியின் வேகம், ஓட்டத்தின் வேகத்தில் ஏற்பட்ட மாற்றம் ஆகிய மூன்றின் பெருக்கம். சற்றுப் பிற்பாடு இத்தாலியின் லொரென்சோ அல்லியேவி இந்தக் கணக்கை மேலும் விரித்தார்.

டீசலுக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். கன மீட்டருக்கு ஏறத்தாழ 830 கிலோ அடர்த்தி, ஒலியின் வேகம் நொடிக்கு 1350 மீட்டர் அளவு. ஓட்டம் நொடிக்கு 1 மீட்டர் வேகம் குறைந்தாலே 11 பார் அழுத்தம் எழும். பத்து மீட்டர் குறைந்தால் 110 பார். லாரி டயரில் இருப்பது ஏழெட்டு பார்தான்.

துடிப்பை அடக்கும் வழியும் தண்ணீர் பம்பிலிருந்தே முதலில் கிடைத்தது. லண்டனில் 1720களில் ரிச்சர்ட் நியூஷம் என்பவர் செய்த தீயணைப்பு வண்டியின் கைப்பம்பில் காற்று அடைத்த ஒரு கலம் இருந்தது. பம்பு தள்ளும்போது தண்ணீர் அந்தக் காற்றை அமுக்கும். பம்பு ஓயும்போது அமுங்கிய காற்று தண்ணீரைத் தள்ளும். தாரை அறுந்து அறுந்து வராமல் ஒரே சீராகப் பாயும். இன்றும் பெரிய உந்து பம்புகளில் இந்தக் காற்றுக்கலம் உண்டு.

டீசல் எஞ்சினில் இது செல்லாது. காரணம் ஆயில் எஞ்சின் வைத்திருந்த எல்லோருக்கும் தெரியும்: டீசல் லைனில் காற்று புகுந்தால் எஞ்சின் கிளம்பாது. பம்பு காற்றையே அமுக்கிக்கொண்டிருக்கும், நாசிலைத் திறக்கும் அழுத்தம் வராது. 'ஏர் பிடிச்சிருச்சு' என்று நட்டைத் தளர்த்தி நுரை போகும்வரை பம்பு அடித்து, பிறகுதான் ஹேண்டிலைச் சுற்ற வேண்டும். ஆகவே டீசல் எஞ்சின் செய்தவர்கள் காற்றின் துணையில்லாமல், திரவத்தைக் கொண்டே திரவத்தை அடக்க வேண்டியிருந்தது.

அரிசி மணி அளவு டீசல்

5 குதிரைத்திறன் எஞ்சின் முழுச் சுமையில் மணிக்கு ஒரு லிட்டரைவிடச் சற்று அதிகமாகக் குடிக்கும். நிமிடத்துக்கு 1500 சுற்று என்றால் 750 தடவை டீசல் பீச்சப்படுகிறது. வகுத்துப் பார்த்தால் ஒரு தடவைக்கு சுமார் 25 கன மில்லிமீட்டர். ஓர் அரிசி மணியைவிடச் சற்று அதிகம். இது 200 பார் அளவு அழுத்தத்தில், ஏறத்தாழ 2 மில்லி நொடிக்குள் உள்ளே போய்விட வேண்டும்.

பம்புக்கும் நாசிலுக்கும் நடுவில் 2 மில்லிமீட்டர் துளையுள்ள 60 சென்டிமீட்டர் குழாய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதற்குள் நிற்கும் டீசல் சுமார் 1900 கன மில்லிமீட்டர். திரவம் அமுங்காது என்று எட்டாம் வகுப்பில் நானே பல ஆண்டுகள் சொல்லிக்கொடுத்தேன். 200 பாரில் டீசல் 1 சதவீதத்துக்குச் சற்று மேல் அமுங்குகிறது. 1900 இல் அது ஏறத்தாழ 25 கன மில்லிமீட்டர். அதாவது ஒரு தடவை பீச்ச வேண்டிய டீசல் எவ்வளவோ, அவ்வளவும் குழாய்க்குள் ஸ்பிரிங் போல அமுங்கி நிற்கிறது! இந்த ஸ்பிரிங் எப்போது, எப்படி விரிகிறது என்பதில்தான் எஞ்சினின் நல்லதும் கெட்டதும் இருக்கிறது.

நேரக் கணக்கும் உண்டு. 60 சென்டிமீட்டரைக் கடக்க அழுத்த அலைக்கு 0.44 மில்லி நொடி ஆகும். 1500 சுற்றில் கிராங்க் ஒரு மில்லி நொடிக்கு 9 பாகை திரும்பும். ஆக பம்பில் எழுந்த அழுத்தம் நாசிலை எட்டுவதற்குள் 4 பாகை போய்விடும். நாசிலில் மோதிய அலை பம்புக்குப் போய்த் திரும்பிவர இன்னும் 8 பாகை. பீச்சல் முடிந்து நாசில் மூடிய பிறகு இப்படித் திரும்பிவரும் அலையின் உச்சம் போதிய பலத்துடன் இருந்தால், நாசில் மறுபடி ஒரு கணம் திறந்துவிடும். இதற்கு இரண்டாம் பீச்சல் என்று பெயர். தாமதமாக, சரியாகத் தூவாமல், சொட்டாக விழும் அந்த டீசல் முழுதாக எரியாது. புகையும் கரியும் அங்கிருந்துதான்.

காற்றால் பீச்சிய காலம்

ருடால்ஃப் டீசல் 1897 இல் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய எஞ்சினுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர் அமுக்கிய காற்றைக் கொண்டு எரிபொருளை ஊதினார். ஆனால் அந்தக் காற்றை அமுக்கத் தனிக் கம்ப்ரஸர் வேண்டும். அது பருமனும் பாரமுமாக இருந்தது, எஞ்சினின் சக்தியில் ஒரு பங்கையும் தின்றது. கப்பலுக்கும் மின் நிலையத்துக்கும் பொருந்தியது லாரிக்குப் பொருந்தவில்லை.

கம்ப்ரஸரை விட்டொழித்து டீசலை நேரடியாக அழுத்திப் பீச்சும் வழியை இங்கிலாந்தின் விக்கர்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் மெக்கெக்னி 1910 வாக்கில் உருவாக்கினார். நீர்மூழ்கிக் கப்பல் எஞ்சின்களுக்காக வந்த அந்த ஏற்பாட்டில், பம்பு எல்லா சிலிண்டருக்கும் பொதுவான ஒரு குழாயை அழுத்தத்தில் நிரப்பி வைக்கும். ஒவ்வொரு சிலிண்டரின் வால்வும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். இன்று காமன் ரயில் என்று விளம்பரப்படுத்துகிறார்களே, அதன் மூதாதை இதுதான்.

ஆனால் உலகம் முதலில் போனது வேறு வழியில். ஜெர்மனியின் ராபர்ட் போஷ் நிறுவனம் 1922 இன் இறுதியில் டீசல் பம்பு செய்ய முடிவெடுத்து, 1927 இல் மொத்த உற்பத்தியைத் தொடங்கியது. சிலிண்டருக்கு ஒரு பிளஞ்சர், ஒவ்வொன்றிலிருந்தும் தனிக் குழாய். லாரிகளில் டீசல் பரவியது இந்தப் பம்பால்தான். அத்துடன் மேலே சொன்ன அலைத் தொல்லையும் பரவியது.

டெலிவரி வால்வு என்னும் சிறு சாமர்த்தியம்

பிளஞ்சருக்கு மேலே விரல் நுனி அளவில் ஒரு வால்வு உட்கார்ந்திருக்கும். டெலிவரி வால்வு என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். டீசலை ஒரே திசையில் போகவிடுவது மட்டும் இதன் வேலை என்றால் சாதாரண வால்வே போதும். இதன் கூம்புக்குக் கீழே மிகத் துல்லியமாகத் தீட்டிய ஒரு வளையம் இருக்கிறது. பீச்சல் முடிந்து வால்வு இறங்கும்போது முதலில் அந்த வளையம் துளைக்குள் நுழைந்து குழாயைப் பம்பிலிருந்து பிரித்துவிடும். பிறகும் வால்வு சற்றுக் கீழே போகும். அப்படிப் போகும் தூரம் குழாய்க்குள் சில பத்து கன மில்லிமீட்டர் இடத்தைக் காலியாக்கித் தருகிறது. அமுங்கி நின்ற ஸ்பிரிங்குக்கு விரிய இடம் கிடைத்துவிட்டது. குழாயின் அழுத்தம் சடாரென்று விழும், நாசில் ஊசி 'டக்' என்று மூடும், திரும்பிவரும் அலையும் நாசிலைத் திறக்கும் பலத்தை இழந்துவிடும்.

என் கருத்தில், இந்தக் கதையிலேயே மிக அழகான பகுதி இது. மின்னணு எதுவும் இல்லை, கூடுதல் உறுப்பும் இல்லை. ஏற்கெனவே இருந்த ஒரு வால்வின் உருவத்தை மாற்றியே சாதித்திருக்கிறார்கள்.

இடத்தை அதிகமாகக் கொடுத்தாலும் ஆபத்து. அழுத்தம் மிகவும் விழுந்தால் டீசலே ஆவிக் குமிழாகும். அடுத்த தள்ளலில் அந்தக் குமிழ்கள் உடையும்போது குழாயின் உட்சுவரை அரிக்கும். அம்மைத் தழும்பு போன்ற குழிகளைப் பழைய குழாயை நெடுக அறுத்துப் பார்த்தால் காணலாம். இதற்காகப் பின்னாளில், டீசல் முன்னே போகும்போது தடையின்றி விட்டு, திரும்பும் அலையை மட்டும் ஒரு நுண்துளை வழியே நெருக்கி வலுவிழக்கச் செய்யும் தடுப்பு வந்தது. அழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே விழாமல் பார்த்துக்கொள்ளும் இரட்டை வால்வும் வந்தது.

பம்பின் தாழ்வழுத்தப் பக்கத்திலும் துடிப்பு உண்டு. ஒவ்வொரு பீச்சலின் முடிவிலும் மிச்ச டீசல் தாரையாகப் பம்பின் உள்ளறையில் வந்து மோதும். அலுமினியக் கூட்டை அது துளைத்துவிடாதிருக்க, மோதும் இடத்தில் கடினப்படுத்திய எஃகுத் திருகைப் பொருத்தினார்கள். திருகு தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம், பம்புக் கூடு பிழைக்கும்.

பழைய ஆறு சிலிண்டர் பேருந்து எஞ்சினைக் கவனித்தவர்கள் ஒன்றைப் பார்த்திருக்கலாம். பம்புக்கு அருகிலுள்ள சிலிண்டருக்குப் போகும் குழாய் நேராகப் போகாமல் வளைந்து நெளிந்து போகும். அலங்காரத்துக்கு அல்ல; ஆறு குழாய்களும் ஒரே நீளத்தில் இருந்தால்தான் ஆறிலும் அலை ஒரே நேரத்தில் போய்ச் சேரும். எங்கள் கிணற்று எஞ்சினில் ஒருமுறை குழாய் விரிசல் விட்டது. வந்த மெக்கானிக் கையில் இருந்த, நீளமும் துளையும் கூடிய வேறு குழாயைப் பொருத்திவிட்டுப் போனார். எஞ்சின் ஓடியது, ஆனால் புகை அடங்கவில்லை, டீசல் செலவும் ஏறியது. பம்பையும் நாசிலையும் இரண்டு முறை கழற்றிப் பூட்டிய பிறகுதான் வயதான இன்னொரு மெக்கானிக் குழாயைப் பார்த்துச் சிரித்தார். ஜுக்கோவ்ஸ்கியை அவருக்குத் தெரியாது. குழாய் மாறினால் 'அடி' மாறும் என்பது தெரியும்.

தமிழ்நாட்டுக்கு வந்த பம்புகள்

1840 இல் சென்னையில் குதிரை வண்டி கட்டும் கடையாகத் தொடங்கிய சிம்சன் நிறுவனம், 1950களில் பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின்களைச் செய்யத் தொடங்கியது. எண்ணூரில் அசோக் லேலண்ட் வளர்ந்தது. எஞ்சினின் இதயமான பம்பையும் நாசிலையும் இங்கேயே செய்யும் வேலை 1951 இல் பெங்களூரில் மைகோ என்ற மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனியால் தொடங்கியது. போஷின் தொழில்நுட்பம்; 2008 இல் பெயரும் போஷ் லிமிடெட் என்றே ஆனது. ஆனாலும் கிராமத்தில் இன்றும் 'மைகோ நாசில்' என்றுதான் கேட்டு வாங்குவார்கள்.

1961 இல் லூக்காஸும் டிவிஎஸ் குழுமமும் சேர்ந்து சென்னைப் பாடியில் லூக்காஸ்-டிவிஎஸ் நிறுவனத்தை ஏற்படுத்தின. லூக்காஸின் கிளையான சிஏவி வடிவமைத்த டிபிஏ என்னும் சுழல் பம்பு இந்த வழியாகவே இங்கு வந்தது. அமெரிக்காவின் வெர்னன் ரூசா கண்டறிந்த முறையைப் பின்பற்றிய பம்பு அது. சிலிண்டருக்கு ஒரு பிளஞ்சர் என்றில்லாமல் ஒரே உந்தி எல்லா சிலிண்டருக்கும் முறை வைத்து டீசலைப் பங்கிடும். இதில் துடிப்பை அடக்கிய விதம் வேறு: பிளஞ்சரை உள்ளே தள்ளும் கேம் வளையத்தின் முகட்டுக்கு அப்பால் ஒரு சிறு சரிவை வைத்தார்கள். பீச்சல் முடிந்ததும் உருளை அந்தச் சரிவில் இறங்கும், பிளஞ்சர் மயிரிழை அளவு பின்வாங்கும், குழாயின் அழுத்தம் விழும். டெலிவரி வால்வின் வளையம் செய்த வேலையைக் கேமின் வளைவு செய்துவிட்டது. 1960 இல் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் சிம்சன் எஞ்சின் பூட்டிய டிராக்டர்கள் செஞ்சி வட்டார மணிலாக் கொல்லைகளில் உழுததை நினைத்தால், அந்தச் சிறு சரிவு இம்மண்ணில் எத்தனை ஏக்கருக்கு உழைத்திருக்கும் என்று தோன்றுகிறது.

புங்க எண்ணெய் சொன்ன பாடம்

2003 இல் திட்டக்குழு காட்டாமணக்கிலிருந்து பயோடீசல் எடுக்கும் தேசியத் திட்டத்தைப் பரிந்துரைத்தது. காட்டாமணக்குக் கன்றுகள் தமிழ்நாட்டில் பல இடங்களில் நடப்பட்டன. எதிர்பார்த்த விளைச்சல் பெரும்பாலும் வரவில்லை. ஆனால் காட்டாமணக்கு, புங்கம், இலுப்பை எண்ணெய்களைக் கொண்டு சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உட்படப் பல பொறியியல் கல்வி நிலையங்களில் ஆய்வுகள் பெருகின. அவற்றுக்குப் பெரும்பாலும் பயன்பட்டது அதே கிர்லோஸ்கர் ஒற்றை சிலிண்டர் எஞ்சின்தான்.

துடிப்பைப் பொறுத்தவரை இதில் ஒரு நுட்பம் உண்டு. பயோடீசல் சாதாரண டீசலைவிடக் குறைவாக அமுங்கும்; அதில் ஒலியின் வேகமும் கூடுதல். எனவே குழாய்க்குள் அலை சற்று முன்னதாகவே நாசிலை எட்டுகிறது. மேல் நிலைக்கு 23 பாகை முன்னதாகப் பீச்ச வேண்டும் என்று வைத்த எஞ்சின், யாரும் கை வைக்காமலே அதற்கும் முன்பாகப் பீச்சத் தொடங்கும். எரிப்பு முந்துவதால் வெப்பம் கூடி, நைட்ரஜன் ஆக்சைடுகளும் கூடுகின்றன. எண்ணெயை மாற்றினால் பம்பின் நேரத்தையும் சரிசெய்ய வேண்டும் என்பது இதனால் தெரிந்தது.

மீண்டும் பொதுக் குழாய்

விக்கர்ஸின் பொதுக் குழாய் மின்னணு வால்வோடு திரும்பிவந்தது 1990களில். ஜப்பானின் டென்சோ 1995 இல் ஹினோ லாரிக்கு இதைக் கொடுத்தது. இத்தாலியின் ஃபியட் குழுமம் உருவாக்கி போஷ் உற்பத்திக்குக் கொண்டுவந்த ஏற்பாடு 1997 இல் ஆல்ஃபா ரோமியோ 156 காரில் 1350 பார் அழுத்தத்துடன் வந்தது. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் தயாரான ஹூண்டாய் ஆக்சென்ட் 2002 இல் இத்தகைய எஞ்சினைப் பெற்றது.

இதில் ரயில் என்பது தடித்த சுவருள்ள ஒரு குழாய். காருக்கு அதன் கொள்ளளவு சில பத்து கன சென்டிமீட்டர். ஒரு பீச்சலுக்கு எடுப்பதைப்போல ஆயிரம் மடங்கு அளவு. குடத்திலிருந்து ஒரு கரண்டி எடுத்தால் மட்டம் அசையாததுபோல் அழுத்தமும் அதிகம் அசையாது. பழைய எஞ்சினில் தொல்லை தந்த அதே அமுங்கும் குணத்தை இங்கே சேமிப்புக் கிடங்காக்கிவிட்டார்கள். ரயிலிலிருந்து நாசிலுக்குப் போகும் வாயில் ஒரு நுண்துளையை வைத்து அலைகளை நெருக்கினார்கள்.

அப்படியும் துடிப்பு முழுதாகப் போகவில்லை. சத்தத்தைக் குறைக்க இப்போது ஒரே சுழற்சியில் முதலில் ஒரு துளி, பிறகு முழு அளவு என்று பலமுறை பீச்சுகிறார்கள். முதல் துளி எழுப்பிய அலை அடங்குமுன் இரண்டாவது வந்துவிடும். அலையின் ஏற்றத்தில் வந்தால் அளவு கூடும், இறக்கத்தில் வந்தால் குறையும். இதைக் கணினியே கணக்கிட்டுத் திறந்திருக்கும் நேரத்தைத் திருத்திக்கொள்கிறது. 2012 வாக்கில் டென்சோ ஒவ்வொரு நாசிலுக்குள்ளும் ஓர் அழுத்த உணரியையே வைத்துவிட்டது.

பெட்ரோல் வண்டிகள்

பெட்ரோலில் அழுத்தம் குறைவு, எனவே வழியும் எளிது. போஷின் மின்னணு பெட்ரோல் பீச்சல் 1967 இல் ஃபோக்ஸ்வாகன் காரில் வந்தது. பின்னர் வந்த பல கார்களில் பெட்ரோல் ரயிலில் ஒரு சிறு டப்பா பூட்டப்பட்டது; உள்ளே ஒரு சவ்வு, அதன் பின்னால் ஒரு ஸ்பிரிங். துடிப்பு எழும்போது சவ்வு பின்வாங்கி வாங்கிக்கொள்ளும். நியூஷமின் காற்றுக்கலத்துக்கு இது பேரன். காற்று பெட்ரோலைத் தொடாதபடி நடுவில் சவ்வு இருப்பதுதான் வேறுபாடு.

2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதி நாடு முழுதும் வந்தபோது கார்புரேட்டர் இருசக்கர வாகனங்களிலிருந்து ஏறக்குறைய விடைபெற்றது. செஞ்சிக் கடைத்தெருவில் மூட்டை ஏற்றிப் போகும் டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டிக்குக்கூடப் பெட்ரோல் பீச்சல் வந்துவிட்டது. டிராக்டர்களில் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்டவைக்கு மட்டுமே 2023 ஜனவரி முதல் கடுமையான புதிய விதி பொருந்தியது. அதற்குக் கீழுள்ளவற்றில் எந்திர முறைப் பம்பு தொடர்கிறது. இவ்வட்டாரத்தில் உழுபவை பெரும்பாலும் அந்த வகைதான்; பம்பு பழுது பார்க்கும் பட்டறையில் மெக்கானிக் இன்றும் டெலிவரி வால்வைக் கழற்றி, டீசலில் கழுவி, வெளிச்சத்தில் திருப்பி அந்த வளையத்தில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கிறார்.